சகரம் கேட்ட கேள்வி

(சிங்கப்பெருமாள் கோவிலில், கணினி பயிலும் மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் பொத்தேரியிலிருந்தும் மறைமலைநகரிலிருந்தும் மின்சார ரயிலில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். இறங்கும்போது நடைமேடைப் பலகையில் இந்த ஊரின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய பேச்சு அந்தப் பெயரைப் பற்றியது. பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரையைப் பற்றிச் சொல்ல இந்த ஊரிலேயே அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ‘சிங்கப்பெருமாள் கோவில்’ என்ற பெயரை ஒரு ஷெல் மாறிக்குள் வைத்து, அதைத் திரையில் காட்டு என்று சொன்னால் என்னென்ன நடக்கலாம் என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். யூனிகோடில் ‘சி’ ஒரே எழுத்தாக இல்லை. சகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. ‘ங்’ என்பது ஙகரமும் புள்ளியும். இப்படி எண்ணிக்கொண்டே போனால் இந்த ஊர்ப் பெயரில், நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து, 22 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, இடைவெளிக்கு ஒன்று. ஆக 64 பைட்டு. முதலில் வரும் சகரத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 154. இந்த 154-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கணினியில் எக்ஸ்டெர்ம் சாளரத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதன் எழுத்துமுறை யூடிஎஃப்-8 அல்ல, ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய எட்டு பிட் முறை. எனக்கு அது தெரியாது. ஊர்ப் பெயர்கள் உள்ள ஒரு மாறியை அச்சிட்டேன். தமிழ் வரவில்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’உம் மாறி மாறி வந்தன. குறிமுறை தவறிய தமிழ்ப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோலம் பழக்கமானது. எனக்கும் பழக்கம்தான். ஆனால் அன்று இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. எழுத்துகள் ஒரே வரியில் நிற்காமல் படிப்படியாக மேலே ஏறின. அதைவிட, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் இடத்தில், நான் விசைப்பலகையைத் தொடாமலேயே, ‘1;2’ என்றும் அதையடுத்து ஓர் ஆங்கில ‘சீ’யும் தட்டச்சாகி நின்றன. யார் தட்டியது? கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றே பயந்தேன்.

யாரும் புகவில்லை. தட்டியது டெர்மினல்தான். ஊர்ப் பெயரின் முதல் எழுத்து அதனிடம் ஒரு கேள்வி கேட்டது, அது பதில் சொன்னது. என்ன கேள்வி என்று சொல்வதற்கு முன் உங்களை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துப்போக வேண்டும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இந்த ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களில் உங்கள் பெற்றோரில் பலர் லோயர், ஹையர் எழுதியிருப்பார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள். வரி முடியப்போகும்போது இயந்திரத்தில் ஒரு மணி அடிக்கும். இடது கையால் நெம்புகோலைத் தள்ளினால் வண்டி வலது கோடிக்குப் போய் அடுத்த வரியின் தொடக்கம் வந்து நிற்கும், தாள் ஒரு வரி மேலே ஏறும். உண்மையில் அது இரண்டு வேலை. வண்டி திரும்புவது ஒன்று, தாள் நகர்வது ஒன்று. இரண்டும் ஒரே தள்ளலில் நடந்ததால் நாம் ஒன்றாகவே நினைத்தோம்.

1963-இல் ஆஸ்கி என்ற எழுத்துக் குறிமுறை வந்தது. அதே ஆண்டு வந்த டெலிடைப் 33 என்ற இயந்திரம், தொலைவிலிருந்து கம்பி வழியாக வரும் எண்களைப் பார்த்துத் தானே தட்டச்சு செய்தது. எழுத்துக்கு ஓர் எண் என்றால், மணி அடிக்கவும் ஓர் எண் வேண்டும், அது 7. தாளை நகர்த்த 10. வண்டியைத் திருப்ப 13. கம்பி ஒன்றுதான். எழுத்துக்குத் தனிக் கம்பி, வேலைக்குத் தனிக் கம்பி என்று யாரும் இழுக்கவில்லை. இந்த ஒரு முடிவின் விளைவோடுதான் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

அலுவலகங்களில் டிக்டேஷன் எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். நடுவில் அவர் ‘கமா’ என்கிறார். எழுதுகிறவர் ‘கமா’ என்ற சொல்லை எழுதுவதில்லை, குறியைப் போடுகிறார். ‘நெக்ஸ்ட் பாரா’ என்றால் புதிய பத்தி தொடங்குகிறார். சொல்வது ஒரே குரல், கேட்பது ஒரே காது. எது கடிதத்தின் வாசகம், எது எழுதுகிறவருக்கான உத்தரவு என்பதை மனிதர் சூழலை வைத்துப் பிரித்துவிடுகிறார். டெர்மினலுக்குச் சூழல் தெரியாது. எண் வந்தால் செய்யும்.

1970-களில் தாளின் இடத்தில் திரை வந்தது. திரையில் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம், நிறம் மாற்றலாம். இவ்வளவுக்கும் 32 கட்டுப்பாட்டு எண்கள் போதவில்லை. அதனால் 27 என்ற எஸ்கேப் குறியை வாசலாக்கினார்கள். ‘27 வந்தால் அதையடுத்து வருவது எழுத்தல்ல, உத்தரவு’ என்பது ஏற்பாடு. 1976-இல் ஈசிஎம்ஏ-48 என்ற தரநிலை இதை வகுத்தது, 1978-இல் வந்த டிஇசி நிறுவனத்தின் விடி100 இதைப் பரப்பியது. உங்கள் மடிக்கணினியில் இன்று திறக்கும் கறுப்புச் சாளரம் அந்த விடி100-இன் வழித்தோன்றல்.

அதே தரநிலையில் இன்னொரு வரிசையும் உண்டு. எட்டு பிட் குறிமுறையில் 128 முதல் 159 வரையுள்ள எண்களையும் உத்தரவுகளுக்கே ஒதுக்கினார்கள். தமிழ் இந்த வரிசையில்தான் வந்து மோதுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட்டு 128-இலிருந்து 191 வரை வருகிறது. யூடிஎஃப்-8 தெரிந்த டெர்மினல் மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கும், சிக்கலில்லை. தெரியாத டெர்மினல் ஒவ்வொன்றாகப் பார்க்கும். அப்போது நம் எழுத்துகள் என்னவாகின்றன என்று பாருங்கள்.

அகரத்தின் கடைசி பைட்டு 133. அதற்கு ‘அடுத்த வரிக்குப் போ’ என்று பொருள். புள்ளியின் கடைசி பைட்டு 141. அதற்கு ‘ஒரு வரி மேலே ஏறு’ என்று பொருள். சிங்கப்பெருமாள் கோவிலில் நான்கு புள்ளிகள். எழுத்துகள் ஏன் படியேறின என்பது இப்போது தெரிகிறதா? சகரத்தின் 154-க்குப் பொருள், ‘நீ எந்த வகை டெர்மினல், சொல்’ என்பது. டெர்மினல் பதில் சொல்ல வேண்டுமானால் அதற்கு இருக்கும் ஒரே வழி, விசைப்பலகையிலிருந்து எழுத்துகள் போகும் அதே பாதை. ஆகவே பதில் நான் தட்டியதுபோலவே ஷெல்லிடம் போய்ச் சேர்ந்தது.

இன்னும் இருக்கிறது. ஐகாரத்தின் 144, ஞகரத்தின் 158, டகரத்தின் 159 ஆகிய மூன்றும் ‘இனி வருவது திரைக்கல்ல, ஒரு தனிச் செய்தி’ என்று அறிவிப்பவை. அதன்பின் வருவதைத் திரை காட்டாது. முடிக்கும் எண் 156. அது ஜகரத்தின் கடைசி பைட்டு! அடுத்த பெரிய நிலையமான செங்கல்பட்டை அந்தப் பழைய சாளரத்தில் அச்சிட்டால், சகரம் கேள்வி கேட்கும், புள்ளிகள் மேலே ஏற்றும், டகரம் வந்ததும் மீதி எல்லாம் விழுங்கப்படும். எங்கேயாவது ஒரு ஜகரமோ அதற்கு நிகரான வேறு குறியோ வந்தால்தான் திரை மீளும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. யூனிகோடின் தமிழ்ப் பகுதி வேறு காரணங்களால் அப்படி அடுக்கப்பட்டது, எண்கள் தற்செயலாக விழுந்தன.

ஆனால் திட்டமிட்டுத் தவிர்த்தவர்களும் உண்டு. 1991-இல் இந்தியத் தரநிலைகள் நிறுவனம் வெளியிட்ட இஸ்கி குறிமுறை, இந்திய எழுத்துகளை 161-இலிருந்து தொடங்கியது. உத்தரவுப் பகுதியைத் தொடவில்லை. பிறகு இணையத் தமிழர்கள் உழைத்து உருவாக்கிய திஸ்கி, தமிழ் எழுத்துகள் அதிகம் வேண்டியிருந்ததால் 128-இலிருந்தே இடத்தை எடுத்துக்கொண்டது. இடம் போதாத காலத்தில் அவர்களுக்கு வேறு வழி குறைவு. இருந்தாலும், டெர்மினலில் தமிழ் பார்க்க முயன்றவர்கள் அன்று பட்ட சிரமத்தில் ஒரு பகுதி இங்கிருந்து வந்தது. யூடிஎஃப்-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இலேயே வடிவமைத்துவிட்டார்கள், நம் மேசைகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

‘இப்போது எல்லாம் யூடிஎஃப்-8 ஆகிவிட்டதே, பழங்கதை எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். சகரம் இப்போது கேள்வி கேட்பதில்லை என்பது உண்மைதான். கம்பி மட்டும் இன்றும் ஒன்றுதான். 27 இன்றும் வாசல்தான்.

இன்னொரு நிகழ்ச்சி சொல்கிறேன், இது யூடிஎஃப்-8 காலத்தில் நடந்தது. நூல்களை அஞ்சலில் அனுப்ப முகவரிப் பட்டியல் ஒன்றை ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக அச்சிட்டேன். பட்டியலை விண்டோஸ் கணினியில் எக்செல்லில் ஒருவர் தயாரித்திருந்தார். வரியின் கடைசிக் கட்டம் ஊர். நான் திரையில் காட்டச் சொன்னது, முதலில் ஊர், பிறகு பின்கோடு. திரையில் ஊரின் முதல் பாதி இல்லை! பின்கோடு வரியின் தொடக்கத்தில் வந்து ஊரின் மேல் உட்கார்ந்திருந்தது. எழுத்துரு சரியில்லை என்று அன்று மாலை முழுதும் எழுத்துருக்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு எண்களோடு முடியும். லினக்ஸ் 10-ஐ மட்டும் வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். 13 ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு மாறிக்குள் போய்விட்டது. அச்சிட்டபோது வண்டி திரும்பியது, தாள் நகரவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? அடித்த வரியின் மேலேயே மறுபடி அடிக்கும். அதேதான். உங்களில் பலரும் இதைச் சந்தித்திருப்பீர்கள், இன்னும் சந்திக்காதவர்கள் இந்தப் பருவம் முடிவதற்குள் சந்திப்பீர்கள். மாறிக்குள் கட்டுப்பாட்டுக் குறி நுழைவதற்குத் தீயவர் யாரும் தேவையில்லை. ஒரு சாதாரணப் பட்டியல் போதும்.

தீயவர் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2003-இல் எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அன்று புழக்கத்தில் இருந்த டெர்மினல்களைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். சாளரத்தின் தலைப்பை மாற்ற ஓர் எஸ்கேப் வரிசை உண்டு. தலைப்பு என்ன என்று கேட்கவும் ஒன்று உண்டு. முதலாவதால் தலைப்பில் ஒரு கட்டளையை எழுதிவைத்து, இரண்டாவதால் அதைத் திருப்பிக் கேட்டால், டெர்மினல் அந்தக் கட்டளையை நீங்கள் தட்டியதுபோலவே ஷெல்லிடம் சேர்த்துவிடும். சகரத்துக்குப் பதில் சொன்ன அதே பாதை. பயனர் என்டர் தட்டுவது ஒன்றுதான் பாக்கி. அந்த என்டரும் தேவையில்லாத பிழை ஒன்று பிறகு எக்ஸ்டெர்மில் தெரியவந்து, 2009 தொடக்கத்தில் திருத்தப்பட்டது. அதில் பயன்பட்டது ஐகாரத்தின் எண்ணான 144 குறிக்கும் அதே வகைத் தனிச் செய்தி. ஒரு கோப்பை கேட் கட்டளையால் திரையில் பார்த்தாலே, அதற்குள் இருக்கும் கட்டளை இயங்கிவிடக்கூடிய நிலை.

அப்பாச்சி வலைச் சேவையகம் தன் பிழைப்பதிவில் எஸ்கேப் குறிகளை வடிகட்டாமல் எழுதிக்கொண்டிருந்தது, 2004-இல்தான் திருத்தினார்கள். யாரோ எங்கிருந்தோ அனுப்பிய முகவரி பதிவுக் கோப்பில் விழுகிறது. காலையில் நிர்வாகி அதைத் தன் டெர்மினலில் திறந்து பார்க்கிறார். தாக்குதல் சேவையகத்தின் மேல் அல்ல, பார்க்கிறவரின் மேல். 2019 ஜனவரியில் எஸ்சிபி கட்டளையில் இதே வகைக் குறை வெளிவந்தது. கோப்பு வந்து இறங்கும்போது திரையில் ஓடுகிறதே, பெயரும் சதவீதமும், அந்தப் பெயரை அது அப்படியே காட்டியது. எதிர்ப்பக்கச் சேவையகம் கெட்டதாக இருந்தால், தான் அனுப்பும் கூடுதல் கோப்புகளைத் திரையிலிருந்து மறைத்துவிட முடியும். 2024 மார்ச்சில் வெளிவந்தது வால் கட்டளையின் குறை. எல்லோர் திரைக்கும் அறிவிப்பு அனுப்பும் பழைய கட்டளை அது. உள்ளீட்டு வழியாக வரும் செய்தியில் எஸ்கேப் குறிகளை வடிகட்டியது, கட்டளை வரியிலேயே எழுதித் தரும் செய்தியில் வடிகட்டவில்லை. 2013-இலிருந்து அப்படியே இருந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததுபோல.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது எளிமையான ஒன்று. ‘இணையத்திலிருந்து எடுத்த ஸ்கிரிப்டைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இயக்கினேன் சார்’ என்று மாணவர்கள் சொல்வார்கள். எதில் படித்தாய்? கேட் கட்டளையில். அந்த ஸ்கிரிப்டில் ஒரு வரியை எழுதி, அதையடுத்து ‘மேலே ஏறு, அந்த வரியை அழி’ என்று இரண்டு எஸ்கேப் வரிசைகளைக் கருத்துரைபோல வைத்துவிட்டால், கேட் அந்த வரியைக் காட்டிய கணமே திரை அழித்துவிடும். கண்ணுக்குப் படாத வரியை ஷெல் படிக்கும், இயக்கும். படித்தேன் என்று அந்தப் பிள்ளை நம்புவது பொய்யல்ல. திரைதான் அவனுக்கு உண்மையைக் காட்டவில்லை.

சரி, எப்படிக் காட்டுவது? பாஷ் ஷெல்லை வைத்துச் சொல்கிறேன்.

எக்கோ வேண்டாம். அது ஷெல்லுக்கு ஷெல் நடத்தை மாறும். டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எச் என்று அழைத்தால் வருவது டாஷ். அதன் எக்கோ, மாறிக்குள் இருக்கும் பின்சாய்கோடு, 033 என்ற நான்கு சாதாரண எழுத்துகளைக் கண்டால் அதை எஸ்கேப் குறியாகவே மாற்றிவிடும். கோப்பில் இருந்தது எழுத்து, திரைக்குப் போனது உத்தரவு. நம் நாட்டில் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான், அரசு மடிக்கணினியில் அதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம்.

பிரிண்ட்எஃப் கட்டளையில் சதவீதக் குறியோடு எஸ் போட்டு அச்சிடுவது அடுத்த படி. மாறியை வடிவச் சரத்தின் இடத்தில் வைக்கக் கூடாது, தனியாக, இரட்டை மேற்கோளுக்குள் தர வேண்டும். இது பின்சாய்கோட்டு நோயைக் குணப்படுத்தும். ஆனால் மாறிக்குள் உண்மையிலேயே 27 இருந்தால் அதை அப்படியே திரைக்கு அனுப்பிவிடும். பல பாடநூல்கள் இந்தப் படியோடு நின்றுவிடுகின்றன, பாதி மருந்தைக் கொடுத்து நோயாளியை அனுப்பியதுபோல.

முழு மருந்து, எஸ் இருந்த இடத்தில் க்யூ. சதவீதக் குறியும் க்யூவும் சேர்ந்தால் பாஷ் அந்த மதிப்பை மறுபடி ஷெல்லிலேயே தட்டத்தக்க வடிவில் எழுதிக் காட்டும். 27 இருந்தால் பின்சாய்கோடும் பெரிய ஈ-யும். 13 இருந்தால் பின்சாய்கோடும் ஆரும். என் முகவரிப் பட்டியலில் இதைச் செய்திருந்தால், ஊர்ப் பெயர் முழுதாகத் தமிழில் வந்து, கடைசியில் ஒரு பின்சாய்கோடும் ஆரும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பத்து நொடியில் பார்த்திருப்பேன். டிக்ளேர் கட்டளைக்கு மைனஸ் பீ கொடுத்தாலும் இதே பாதுகாப்பு. 2016-இல் வந்த பாஷ் 4.4 முதல், மாறியை விரிக்கும் அடைப்புக்குள் அட் குறியும் பெரிய க்யூவும் சேர்த்தாலும் போதும். டாஷில் இந்த க்யூ கிடையாது, அங்கே எதிர்பார்க்காதீர்கள். எல்லா மாறிகளையும் பார்க்க என்வ் கட்டளை தட்டுகிறவர்கள் கவனியுங்கள்: அது எதையும் மறைப்பதில்லை, அப்படியே கொட்டும். கோப்புகளைப் பார்க்க கேட்டைவிட லெஸ் நல்லது. அது 27-ஐ உத்தரவாக விடாமல் கண்ணுக்குத் தெரியும் குறியாகக் காட்டும். சின்ன ஆர் என்ற தேர்வைக் கொடுத்து அந்தக் காவலை நீங்களே நீக்கிவிடக் கூடாது.

இதுவரை சொன்னதை எந்த நாட்டு மாணவருக்கும் யாரும் சொல்லலாம். இனிச் சொல்வது நமக்கானது. நான் இன்று இங்கே பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

பாதுகாப்பு என்று வந்ததும் எழுதப்படும் வடிகட்டிகளில் பல, ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் அழுக்கு என்று வைத்துக்கொள்கின்றன. கேட் கட்டளைக்கு மைனஸ் வி கொடுத்துப் பாருங்கள். 27-ஐக் காட்டிக்கொடுக்கும், நல்லதுதான். கூடவே நம் ஊர்ப் பெயரை எம், கோடு, கூரைக்குறி என்று ஆக்கிவிடும். ‘அச்சிடத்தக்கவை தவிர மற்றதை நீக்கு’ என்று குனூவின் டி-ஆர் கட்டளையிடம் சொன்னால், அது பைட்டு பைட்டாகப் பார்ப்பதால், தமிழ் முழுவதையும் துடைத்துவிடும். மாறிக்குள் மிஞ்சுவது ஓர் இடைவெளி. கிட் மென்பொருளில் தமிழ்ப் பெயருள்ள கோப்பை வைத்து நிலைமையைக் கேட்டால், வரிசையாகப் பின்சாய்கோடுகளும் 340, 256, 232 என்ற எண்களும் வரும். அவை எண்ம அடியில் எழுதிய 224, 174, 154. நம் சகரம்தான். ஒரு மாணவர் அதைப் பார்த்து, கோப்பில் வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து, தன் கதைத் தொகுப்பையே அழித்துவிட்டார். கிட் அந்தக் கோப்புக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. காட்டிய விதம்தான் அவரைப் பயமுறுத்தியது.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. சொல்லெழுத்தும் இடைவெளியும் அல்லாதவற்றை நீக்கு என்று ஒரு வரி எழுதுவீர்கள், பயனர் பெயரைச் சுத்தம் செய்ய எல்லோரும் எழுதும் வரி. பைத்தானோடு வரும் ஆர்ஈ தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாக ஏற்பதில்லை. சிங்கப்பெருமாள் கோவில் அந்த வடிகட்டியில் விழுந்து எழுந்தால் ‘சஙகபபரமள கவல’ என்று வரும். 22 குறிகளில் 10 போய்விட்டன. உச்சரிப்புக் குறிகளை மட்டும் நீக்குகிறேன் என்று வேறொரு வகை வடிகட்டி உண்டு. பிரெஞ்சுக்கு அது எழுத்தின் தலையிலுள்ள சிறு கோட்டை எடுக்கும், சொல் பிழைக்கும். தமிழில் அது புள்ளியையும் ஈகாரக் குறியையும் எடுத்துவிடும். ‘நீர்’ என்று எழுதினால் ‘நர’ ஆகிவிடும். இதை ஒரு மனிதரின் பெயருக்குச் செய்தால் அவருடைய சான்றிதழ் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு என்பது அந்த மனிதரின் பெயரையும் சேர்த்துப் பாதுகாப்பது.

2018 பிப்ரவரியில் ஆப்பிள் கைபேசிகள் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்தைக் காட்டும்போது முடங்கின. ஜகரமும் ஞகரமும் கூடும் எழுத்து, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி. தவறு எழுத்தைத் திரையில் வரையும் நிரலில் இருந்தது, அதே மாதம் திருத்தினார்கள். ஆனால் அந்த நாட்களில் உலகம் முழுக்கச் செய்தித் தலைப்புகளில் ‘கைபேசியை முடக்கும் தெலுங்கு எழுத்து’ என்றே வந்தது. கோடிக்கணக்கானவர்கள் தினமும் எழுதும் எழுத்து ஆயுதமாகிவிட்டது, நிரல் தப்பித்துக்கொண்டது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குறிகள் என்றதும் அவற்றையும் ஒட்டுமொத்தமாக நீக்கிவிடத் தோன்றும். பிரிப்புக் குறியின் எண் 8204. தமிழில் ககரப் புள்ளியும் ஷகரமும் சேர்ந்து கூட்டெழுத்தாகிவிடாமல் தனித்தனியாக நிற்க வேண்டும் என்றால் அது தேவை. இணைப்புக் குறி 8205. இலங்கையின் பெயரைச் சிங்களத்தில் எழுதினால் முதல் எழுத்திலேயே அது இருக்கிறது. நீக்கினால் ஒரு நாட்டின் பெயரே உடைந்து தெரியும். மறுபுறம், 8238 என்ற குறி எழுத்தோட்டத்தின் திசையையே வலமிருந்து இடமாகத் திருப்பிவிடும். இதுபோன்ற குறிகளை நிரலின் கருத்துரைக்குள் வைத்து, படிப்பவர் ஒன்றைப் பார்க்க, கம்பைலர் வேறொன்றைப் பார்க்கும்படி செய்யலாம் என்று 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் காட்டினார்கள். பாஷின் க்யூ இந்த வகைக் குறிகளைக் காட்டிக்கொடுக்காது. லினக்ஸின் பொது நூலகத்தில் அவை அச்சிடத்தக்கவை என்றே பட்டியலில் இருக்கின்றன. ஆகவே, ஒரு மாறியைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், அந்த ஒரு முறை மட்டும் மொழிச்சூழலை வெறும் சீ என்று மாற்றி க்யூ போட்டுப் பாருங்கள். எல்லாம் எண்களாக வரும். எதுவும் ஒளிய முடியாது. அது மருத்துவர் எக்ஸ்ரே எடுப்பதுபோல. தேவைப்படும்போது எடுப்பது. மனிதரை எப்போதும் எலும்பாகவே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த எக்ஸ்ரே எனக்கு ஒருமுறை உதவியது. ஒரே பட்டியலில் இந்த ஊர் இரண்டு ஊராக எண்ணப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் ஒன்று 64 பைட்டு, மற்றொன்று 67. ‘கோ’வில் வரும் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டுமே சரியானவை என்று யூனிகோட் சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டியது நம் வேலை.

அப்படியானால் நல்ல வடிகட்டி எப்படி இருக்கும்? உத்தரவு எண்களை மட்டும் பிடிக்கும், எழுத்துகளை விட்டுவிடும். யூடிஎஃப்-8 சூழலில், எஸ்-ஈ-டி என்று எழுதும் செட் கட்டளையிடம் கட்டுப்பாட்டு வகுப்பைச் சேர்ந்தவற்றை மாற்று என்று சொன்னால் அது முழு எழுத்தாகப் பார்க்கும். தமிழ் அப்படியே இருக்கும், 27-உம் 13-உம் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டதை அழிக்காமல், அந்த இடத்தில் ஏதாவது ஒரு குறியைப் போடுங்கள் என்பது என் கட்சி. அழித்துவிட்டால் அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாமல் போகும், என் பட்டியலின் 13-ஐ நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இதெல்லாம் முடியாத காரியம் அல்ல. 2016-இல் ஓபன்எஸ்எஸ்எச் குழு யூடிஎஃப்-8 எழுத்துகளைக் காட்டவும், ஆபத்தான குறிகளை மட்டும் மாற்றி எழுதவும் பொதுவான செயற்கூறுகளை எழுதியது. 2019-இல் எஸ்சிபி குறை வெளிவந்தபோது, அந்தக் கூறுகள் கையில் இருந்ததால் அதைக் கொண்டே அடைத்தார்கள். அதே 2016-இல் குனூவின் எல்எஸ் கட்டளையும் விசித்திரமான பெயர்களை மேற்கோளுக்குள் பாதுகாப்பாகக் காட்டத் தொடங்கியது. யூடிஎஃப்-8 சூழலில் தமிழ்ப் பெயரை அது தொடுவதில்லை.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு மாணவி ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தார். ‘சார், இவ்வளவு தொல்லை எதற்கு, கோப்புக்கும் தரவுக்கும் தமிழ்ப் பெயரே வைக்காமல் இருந்துவிட்டால் என்ன?’ நேர்மையான கேள்வி. பல அலுவலகங்கள் அந்த முடிவைத்தான் எடுத்திருக்கின்றன. அம்மா, நான் சொன்ன தாக்குதல்களை எண்ணிப் பாருங்கள். சாளரத் தலைப்பு, பிழைப்பதிவு, எஸ்சிபி, வால். ஒன்றிலும் தமிழ் எழுத்து இல்லை. எல்லாம் 27-இல் தொடங்கியவை. தமிழை விலக்கினால் ஆபத்து ஓர் எண்கூடக் குறையாது. குறைவது தமிழ் மட்டும்தான். என் பட்டியலில் இந்த ஊரை ஆங்கில எழுத்தில் எழுதியவர்கள் எத்தனை விதமாக எழுதியிருந்தார்கள் தெரியுமா? ஒரு பீயா, இரண்டு பீயா, கோவிலா, கோயிலா. தமிழில் எழுதியவர்களுக்குள் இருந்த வேறுபாட்டை ஒரு எக்ஸ்ரேயில் தீர்த்தேன். ஆங்கிலத்தில் எழுதியவர்களின் வேறுபாட்டை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன்.

மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் இப்போது திறந்துகொள்ளுங்கள். கிட் மென்பொருளில் பாதையை மேற்கோளிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, கோர் பகுதியில், க்வோட்பாத் என்ற பெயரில். அதை ஃபால்ஸ் என்று மாற்றுங்கள். தமிழ் எழுத்துகளை அது இனி எண்ணாக்காது, 27-ஐயும் 13-ஐயும் தொடர்ந்து மாற்றியே காட்டும், அந்தக் காவல் போகாது. பிறகு ‘சிங்கப்பெருமாள் கோவில்’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, நிலைமையைக் கேளுங்கள். முன்வரிசையில் யாருக்காவது இன்னும் 340 என்றே வந்தால் கையைத் தூக்குங்கள், நான் அங்கே வருகிறேன்.